மூடி கழட்டிய மெஷின்

ஹலோ... தங்கச்சி, நான்தான். மாவு பிசையற ரூம் சூப்பர்வைசர்... ஆமா, ஆமா, பேக்கரியில இருந்துதான். சத்தமா பேச முடியாது, மூட்டை அடுக்கற ரூம்ல நிக்கிறேன்...

தீர்ப்பு வந்ததுல எனக்கும் சந்தோஷந்தாம்மா... ம்... ம்... நீ எந்தத் தெருன்னு தெரிஞ்ச அன்னிக்கே உன்ன வெளிய அனுப்பினாங்க. 'என் கடை, என் இஷ்டம்'னு முதலாளி வாதாடிப் பாத்தார். பிறப்பப் பாத்து வேலையவிட்டு எடுக்கறது அரசியல் சட்டத்துக்கே ஆகாதுன்னு ஜட்ஜ் சொல்லிட்டார்... தெரியும், நாளைக்குக் காலையில வேலைக்கு வர்ற. அதுக்குத்தான் போன் பண்றேன்.

வராத.

... இல்ல, இல்ல. கோவப்படாம கேளு... யாரும் என்னப் பேசச் சொல்லல. என் பிள்ளைங்க மேல சத்தியம்...

கோர்ட்டு உன்ன உள்ள விடச் சொல்லிச்சு. எந்த மெஷின்ல நிறுத்தணும்னு சொல்லலியே. உன் பழைய பேக்கிங் வேலையில இல்லம்மா, மாவு பிசையற பெரிய மெஷின்ல நிறுத்தப் போறாங்க... ஆமா, அதேதான். இன்னிக்குக் காலையில முதலாளி மெக்கானிக்கக் கூட்டிட்டு வந்து கை உள்ள போகாம தடுக்கற கம்பி மூடியக் கழட்டச் சொன்னார். மூடியத் தூக்கினா மெஷின் தானா நிக்கும்ல, அந்த ஸ்விட்சையும் எடுத்தாச்சு...

மெக்கானிக் என்ன செய்வான்? எதுக்கு சார்னு கேட்டான். கழுவறதுக்குன்னார். சிரிச்சுக்கிட்டே சொன்னார்மா. அந்தச் சிரிப்பப் பாத்துட்டுத்தான் உனக்குப் போன் போட்டேன்...

மாட்டேன்னு சொல்லுவியா? சொல்லு. வேலைய மறுத்துட்டான்னு அப்பவே அனுப்பிடுவாங்க. கோர்ட்டுலயும் அதையே சொல்லுவாங்க. பயந்துக்கிட்டு கைய விட்டா, கை போயிடும். எது நடந்தாலும் அவருக்கு நல்லதுதான்...

பேக்கிங் பொண்ணுங்களா? அவங்களும் உன் பக்கம் நிக்க மாட்டாங்க. உன் கொக்கியில மாட்டியிருந்த ஏப்ரன... விடு, அது எதுக்கு இப்ப... கிழிச்சுப் போட்டிருக்காங்கம்மா...

என்னது?... நானா? சாட்சியா? எனக்குக் குடும்பம் இருக்கு தங்கச்சி. உங்கிட்ட சொல்லணும்னு தோணிச்சு, சொல்லிட்டேன். அதோட விடு...

பக்கத்துல யாரு?... வக்கீலம்மாவா? ஸ்பீக்கர்லயா போட்டிருக்க? எப்பத்துல இருந்து?... முதல்ல இருந்தேவா... இப்படி என்ன மாட்டிவிட்டுட்டியே...

இரு. கதவு தெறக்குது. முதலாளி...

ஆங், சார்... மைதா லோடு சார். இன்னும் வரலியேன்னு கேட்டுக்கிட்டிருக்கேன்... ஆமா சார்... நாளைக்கா?... ஆமா, வர்றாளாம்... சரி சார்... யாரு, நானா?... நானே அவள அங்க நிறுத்தி, நானே மெஷின் ஸ்விட்சப் போடணுமா?...

கை உள்ள இருக்கும்போதா சார்?...

...

வக்கீலம்மா, லைன்ல இருக்கீங்களா?... கேட்டுக்குங்க. முதலாளி என் எதிர்லதான் நிக்கிறார். மூடியக் கழட்டச் சொன்னது இவர்தான். நான் கண்ணால பாத்தேன். கோர்ட்டுலயும் சொல்றேன். கழட்டின மூடி ஆபீஸ் ரூம்ல, பீரோவுக்குப் பின்னாடி... சார், கைய எடுங்க. போன விடுங்க சார்... தங்கச்சி, நாளைக்கு நீ தனியா மட்டும்...