அடியில் எல்லாம் ஒன்று

கெலிஓயாவில் கண்டி பஸ் ஏறினேன். முன் சீட்டில் கம்பஸில் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவரும் அவர் மகளும் இருந்தார்கள்.

“உலகத்து மொழியெல்லாம் அடியிலை ஒண்டுதான் பிள்ளை. வித்தியாசமெல்லாம் மேல்பூச்சு. நாளைக்கு மேடையிலை இதைத்தான் பேசப்போறன்.”

“அப்ப நான் விரும்புற ஹேவாஹெட்டைக்காரரைக் கட்டினால் என்ன அப்பா?”

“அவன்ர தேயிலைத் தோட்டத்துத் தமிழைக் கேட்டால் எங்கட சனம் சிரிக்கும்.”

நான் பேசுவதும் அந்தத் தமிழ்தான். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“அது மேல்பூச்சுத்தானே அப்பா.”

“மேடைக்கு அது சரி. மணவறைக்குச் சரிவராது.”

“அப்ப மேடையிலை அதையும் சேர்த்துச் சொல்லுங்கோ. அவரும் கேக்க வாறார். நான் அவருக்குப் பக்கத்திலைதான் இருப்பன்.”

ஐயா பையைத் திறந்து, நாளைக்குப் பேச வேண்டிய தாளை எடுத்து, முதல் வரியிலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கினார்.