வண்டில ஒருத்தன், நெழல்ல ரெண்டு பேரு

லினோவ மொட்டமாடி வெயில்ல கொஞ்ச நேரம் போட்டு எடுத்தீங்கன்னா அல்வா மாதிரி ஆயிடும் ஜெகபர் நானா. கத்தி தானா போகும். நீங்க ஷார்ஜாவுலேர்ந்து அனுப்புனீங்கள்ல, ரப்பர் பாய் மாதிரி சுருட்டி, கூட குட்டிக் குட்டிக் கத்தியெல்லாம், படம் செதுக்கி அச்செடுக்குற அந்த ஷீட்டத்தான் சொல்றேன்.

நேத்து ஃபோன்ல கேட்டீங்க. "தையல் பிரிச்சு இவ்ளோ நாளாச்சு, அஃப்ரித்துக்கு வெரல் ஏன்டா மடங்கல, நீதானே கூடவே இருந்த?"ன்னு. ஃபோன்ல எனக்கு கோர்வையா வராது. அதான் டைப் பண்றேன்.

லினோ வந்த நாள்லேர்ந்து எங்களுக்கு வேற வேலையே இல்ல நானா. காலேஜ் விட்டா நேரா உங்க வூட்டு மாடி. வரைஞ்சு செதுக்குறது உங்க தம்பி அஃப்ரித். கத்தி தீட்டுறது, ஷீட்ட காய வைக்கிறது, ரோலர்ல மை தடவி, பேப்பர் போட்டு, கரண்டி முதுகால தேய்ச்சு பிரிண்ட் எடுக்குறது நான். பேப்பர உரிச்சு எடுப்போம் பாருங்க, அப்ப ரெண்டு பேரும் மூச்சே விட மாட்டோம். உங்க உம்மா கீழேர்ந்து கத்தும், "அடே, மேல என்னடா கள்ள நோட்டா அடிக்கிறீங்க?"ன்னு. முடிஞ்சதும் என் வண்டில பீச்சுக்குப் போவோம். அவன் பின்னாடி ஒக்காந்து வழியெல்லாம் பேசிக்கிட்டே வருவான்.

அப்புறம் 'தனிமை'ன்னு ஒண்ணு செதுக்க ஆரம்பிச்சான். பீச்சுல ஒரு பைக்கு. அதுல ஒருத்தன் முதுக காட்டி ஒக்காந்திருக்கான், பின் சீட்டு காலி. ஆனா மணல்ல விழுற நெழல்ல ரெண்டு பேரு. எனக்கு சிலிர்த்துப்போச்சு. செம்மடான்னு சொன்னேன். அவ்ளோ நாளும் கத்திய தீட்டித் தீட்டிக் குடுத்தது நான்தான்.

லினோவுல எல்லாம் எடவலம் மாறித்தானே இருக்கும். பிரிண்ட உரிச்சப்பதான் கண்ணாடிய பாத்தேன். வண்டிக்கு எடது பக்கக் கண்ணாடி இல்ல. என் வண்டிக்கும் இல்ல.

"டேய், இது என் வண்டிடா."

"ஆமா, காரைக்கால்ல கண்ணாடி ஒடஞ்ச வண்டி உன்னுது ஒண்ணுதான். போடா."

"பின்னாடி நீ எங்கடா?"

சிரிச்சுக்கிட்டே இருந்தவன் கைய தொடைக்க ஆரம்பிச்சுட்டான். அப்புறம் சொன்னான். பரோடாவுல ஓவிய காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டிருக்கானாம், இன்டர்வியூ வந்திருக்காம். "முன்னாடியே சொன்னா நீ மூஞ்சிய தூக்கி வச்சுக்குவ, அதான்டா." உங்க உம்மாவுக்குத் தெரியும். தங்கச்சி ஹஃப்ஸாவுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்தானே நானா? நான் டெய்லி வரிச்சிக்குடிலேர்ந்து வந்து போறவன், எனக்கு மட்டும் தெரியாது. அதக்கூட விடுங்க. நான் தனியாகுறதுக்கு முன்னாடியே என்னைத் தனியா செதுக்கிட்டான். அதையும் என்னை வச்சே பிரிண்ட் எடுத்துட்டான்.

நான் சண்ட போடல. கட்டிப்புடிச்சு வாழ்த்து சொன்னேன்.

இன்டர்வியூவுக்கு எடுத்துட்டுப் போக இன்னும் பெருசா ஒண்ணு செதுக்கணும், எல்லாம் ரெடி பண்ணுடான்னான். பண்ணேன். நல்ல ஷீட்ட பீரோவுக்குப் பின்னாடி வச்சுட்டு, காஞ்சு வெறச்சுப்போன பழைய துண்ட எடுத்துக் குடுத்தேன். வெயில்ல போடல. கத்திய மாடித் தரையில நல்லா தேய்ச்சேன், மொன மழுங்குற வரைக்கும். செதுக்குறப்ப ஷீட்டு நகராம முட்டுக் குடுக்குற கட்டைய எங்க வூட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். தனித்தனியா பாத்தா மூணுமே பெரிய தப்பு இல்ல நானா. கூர்க் கத்திதான் கைய வெட்டும்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. மழுங்குனதுதான் வழுக்கும். கட்டை இல்லன்னா எடது கையாலதான் ஷீட்ட புடிக்கணும், கத்திக்கு நேரா.

"என்னடா இது, கொட்டாங்கச்சி மாதிரி இருக்கு?"

"புதுசு தீந்துபோச்சு மாப்ள. அழுத்திப் போடு."

அழுத்துனான். கத்தி வழுக்கி எடது உள்ளங்கையில எறங்குச்சு, வெரலு ஆரம்பிக்கிற எடத்துல. அவன் என்னைப் பாத்தான். நான்தான் சட்டைய கழட்டிக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். வண்டில பின்னாடி ஒக்காந்து, நல்ல கையால என் தோள புடிச்சுக்கிட்டு வந்தான். ரொம்ப நாளைக்கப்புறம் வண்டி சரியா ஓடுன மாதிரி இருந்துச்சு.

இன்டர்வியூ போச்சு. அத்தோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். ஆனா கட்டுப் போட்ட கையோட, "எடது கைதானேடா, அடுத்த வருஷம் போயிடுவேன்"ன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான்.

தையல் பிரிச்ச அன்னைக்கு அவன் உள்ள ரூம்ல இருந்தான். டாக்டர் என்னைத்தான் கூப்புட்டு சொன்னாரு. நரம்ப தச்சிருக்கு, தினமும் கொஞ்சம் கொஞ்சமா வெரல மடக்கி நீட்டணும், விட்டா ஒட்டிக்கும், அப்புறம் மடங்கவே மடங்காதுன்னு. நல்லா கேட்டுக்கிட்டேன். அஃப்ரித் வந்து, "என்னடா சொன்னாரு?"ன்னான். ஆட்டவே கூடாதாம், ஆட்டுனா உள்ள இருக்குற நரம்புத் தையல் பிச்சுக்குமாம்னு சொன்னேன். உங்க தம்பிதான் தெரியும்ல, சொன்னா அப்படியே கேட்டுக்குவான். வலிச்சாலும் ஆட்டல. தூக்கத்துல ஆடக்கூடாதுன்னு நான்தான் துணி சுத்தி விட்டேன்.

டெய்லி போறேன். சட்டைப் பட்டன் போட்டு விடுறேன், மீனுக்கு முள்ளெடுத்துக் குடுக்குறேன். உங்க உம்மா என் தலைய தடவி, "வாப்பா தமிழு, என் வயித்துல பொறந்தவன் ஷார்ஜாவுல கெடக்கான், நீதான்யா எனக்குப் புள்ளை"ன்னு அழுவுது. காலேஜ் பசங்க ஒருத்தனும் இப்ப வர்றதில்ல. வந்தப்ப, அஃப்ரித் யாரையும் பாக்க விரும்பலன்னு கீழேயே சொல்லி அனுப்பிட்டேன்.

உங்ககிட்ட எதையும் மறைக்கல நானா. போலீசுக்கு சொல்றதுன்னா சொல்லுங்க, உங்க உம்மாகிட்ட சொல்றதுன்னாலும் சொல்லுங்க. ஆனா சென்னையில அவன் கைய காட்டிட்டு அப்படியே உங்ககூட ஷார்ஜா கூட்டிட்டுப் போறேன்னீங்களாம், ஹஃப்ஸா சொன்னிச்சு. அது மட்டும் வேணாம். நீங்க டூட்டிக்குப் போயிடுவீங்க. ரூம்ல அவன் ஒத்தையா ஒக்காந்திருக்கணும், பேச ஆளிருக்காது. தனியா இருந்தா அவன் தாங்க மாட்டான் நானா. அவனப் பத்தி எனக்குத் தெரியும்.