பாட்டு இல்லாமல் ஒரு வாய்

டீ நன்றாக இருக்கிறது, மேடம். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். இன்ஸ்பெக்டர் வேலையில் ஓயாமல் டீ குடிப்பீர்கள் போலிருக்கிறது. வலப்பக்கக் கடைவாய்ப் பல்லைச் சீக்கிரம் யாரிடமாவது காட்டிவிடுங்கள். தவறாக நினைக்காதீர்கள். பல் டாக்டருக்கு எதிரே யார் உட்கார்ந்தாலும் கண் முதலில் வாய்க்குத்தான் போகும்.

என் மனைவி எப்படிச் செத்தாள் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என் வயசு ஆட்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தொப்பைக்கு மேல் கறுப்பு டீ-ஷர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணை மூடி, பழைய ராக் பாட்டுக்கு இல்லாத கிடாரை வாசிப்பார்கள். பல்செட்டுக்கு அளவு கொடுக்க வந்த ஒருத்தர் என் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அதெல்லாம் பாட்டு, டாக்டர். இப்ப வர்றது வெறும் இரைச்சல்" என்றார். அவருடைய அப்பா அவரைப் பார்த்து அதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பார். அதைச் சொல்ல வேண்டாமென்று அவர் வாயில் அளவெடுக்கும் மாவை வைத்து அடைத்தேன். ஒரு டிரம், கிடாரில் மூன்று பிடி, தலை நிறைய முடி, அவ்வளவுதான் விஷயம். இவர்கள் ஏங்குவது பாட்டுக்காக இல்லை. முடிக்காக.

என் மனைவியும் அந்தக் கூட்டம்தான். கல்லூரியில் படிக்கும்போது ஒரு குழுவின் கச்சேரி ஒன்றுவிடாமல் போவாளாம். அதில் கிடார் வாசித்தவனுக்குச் சுருட்டை என்று பெயர். பெரிய குழுக்களின் பாட்டையெல்லாம் அச்சு அசலாக வாசிப்பானாம். கல்யாணம் ஆன புதிதில் அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். நானும் சிரித்தேன். அவள் கொண்டுவந்த கேசட்டுகளைப் பரணில் ஏற்றினேன். அவள் திருப்பிக் கேட்கவில்லை. முப்பது வருஷத்துக்கும் மேலாக எங்கள் வீடு அமைதியான வீடு. யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

பிறகு அவளுக்கு மறதி வந்தது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள். அப்புறம் மகளின் பெயர். அப்புறம் நான். என்னை "டாக்டர்" என்று கூப்பிட ஆரம்பித்தாள். நான் கிளினிக்கை மூடிவிட்டு அவளோடு இருந்தேன். குளிப்பாட்டினேன், தலை வாரினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியில் சாப்பாட்டை நிறுத்தினாள். ஸ்பூனைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். எத்தனையோ அடம்பிடிக்கிற குழந்தைகளை வாய் திறக்க வைத்தவன் நான். இவளிடம் என் வித்தை எதுவும் எடுபடவில்லை.

வெளியூரிலிருந்து மகள் வந்தாள். பரணில் ஏறி அந்தக் கேசட்டுகளைப் பார்த்துவிட்டு, அதே பாட்டுகளைச் சின்ன ஸ்பீக்கரில் போட்டாள். என் மனைவியின் கால் கட்டை விரல் ஆடியது. பிறகு பாதம். பிறகு பாடவே ஆரம்பித்தாள், ஒரு வார்த்தை பிசகாமல். பெற்ற பெண்ணின் பெயர் ஞாபகமில்லை. அந்தக் கத்தல் மட்டும் மனப்பாடம். பாடும் வாயில் மகள் சூப்பை ஊட்டினாள். விழுங்கினாள்.

மகள் அழுதாள். "அப்பா, பாட்டு ஓடினாத்தான் அம்மா சாப்பிடுறாங்க. ஒரு வேளைகூட மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறக்கவில்லை. பகலில் ஒரு நர்ஸம்மா வருவார். அவர் இல்லாத வேளைகளில் நானே பாட்டைப் போட்டு ஊட்டினேன். என் மனைவியின் கன்னம் தேறியது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே என் பக்கம் குனிந்து ரகசியம் சொல்வதுபோல், "சுருட்டை வந்தாச்சா?" என்றாள்.

"இன்னும் இல்ல" என்றேன்.

"வந்தா அவன்கிட்ட சொல்லிடாதீங்க, டாக்டர். வீட்ல எனக்கு மாப்பிள்ளை பாத்துட்டாங்க. அவரும் உங்களை மாதிரி டாக்டர்தான். பல் டாக்டர்." அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டேன். "நாள் பூரா அடுத்தவங்க வாயையே பாத்துட்டிருப்பாராம். பாட்டுன்னா ஆகாதாம்."

"பிடிக்கலேன்னா வேண்டாம்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"சுருட்டைக்கு வேலை இல்லையே. என்ன பண்றது? சரின்னுட்டேன். மனுஷன் நல்லவராத்தான் தெரியறார். கட்டிக்கிட்டுக் காலத்தை ஓட்டிட வேண்டியதுதான்."

எனக்குக் கோபம் வந்தது என்று எழுதாதீர்கள். நோயாளி உளறுவதற்கெல்லாம் கோபப்பட முடியுமா? ஸ்பூனைக் கழுவி வைத்தேன். மறுநாள் நர்ஸம்மாவிடம், "இனிமே நானே பாத்துக்கறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பாட்டைப் போடவில்லை.

சாப்பாட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. வேளாவேளைக்குச் சூடாகச் செய்து, மைபோல் மசித்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். நாங்கள் கடற்கரைக்குப் போனதைச் சொன்னேன். மகள் பிறந்த ஆஸ்பத்திரியில் மின்சாரம் போனதைச் சொன்னேன். "வாயைத் திறம்மா. ஒரு வாய், எனக்காக" என்றேன். முப்பது வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டவன் கேட்கிறேன். பெரிய ஆசையா இது? அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறியதும் எடுத்துக்கொண்டு போவேன். அடுத்த வேளை மறுபடியும் புதிதாகச் செய்வேன்.

மகள் தினமும் போன் செய்வாள். அப்போது மட்டும் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு, சமையலறையில் ஸ்பீக்கரைப் போனுக்குப் பக்கத்தில் வைத்துப் பாட்டைப் போடுவேன். "பாட்டு கேக்குதுப்பா. அம்மா சாப்பிடுறாங்களா?" என்பாள். "சாப்பிடுறா, சாப்பிடுறா" என்பேன். போனை வைத்ததும் நிறுத்திவிடுவேன். வெளியூரில் இருக்கும் பெண்ணை எதற்குக் கவலைப்படுத்துவது?

கதவைத் திறந்தால் என் மனைவி கட்டில் விளிம்புக்கு நகர்ந்து வந்திருப்பாள்.

அவள் போன அன்று குடும்ப டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இந்த வியாதி முற்றினால் இப்படித்தான், தேற்றிக்கொள்ளுங்கள் என்றார். நல்ல மனிதர். தேற்றிக்கொண்டேன்.

துக்கம் கேட்க வந்த அடுத்த வீட்டுக்காரிதான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "வேளாவேளைக்குப் பாட்டு கேக்கும். பத்து நாளா தினம் ஒரே ஒரு பாட்டுதான், அதுவும் பாதியிலயே நின்னுடும். அப்பவே நெனச்சேன், அம்மாவுக்கு முடியலைன்னு" என்று மகளிடம் சொன்னாள். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா செத்ததற்கு அழுதுகொண்டிருந்தவள், அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். மறுநாள் உங்களிடம் வந்துவிட்டாள்.

நீங்கள் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டாம், மேடம். பாட்டு இல்லாவிட்டால் அவள் சாப்பிட மாட்டாள் என்று எனக்குத் தெரியும். சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும், நானும் டாக்டர்தான். தெரிந்துதான் நிறுத்தினேன். எந்த நிமிஷமும் மறுபடி போட்டிருக்கலாம். ஸ்பீக்கர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வேலைவெட்டி இல்லாத ஒரு கிடார்க்காரன்மேல் எனக்கென்ன பொறாமை? இப்போது அவனும் எங்கேயாவது பல்செட்டோடு உட்கார்ந்திருப்பான்.

இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். என் மகளிடம்கூட இதைச் சொல்லவில்லை. கடைசி நாள் காலையில் என் மனைவி வாயைத் திறந்தாள். தண்ணீர் கேட்கிறாளோ என்று குனிந்தேன். சத்தமே வரவில்லை, உதடு மட்டும் வரிவரியாக அசைந்தது. அந்தப் பாட்டில் ஒன்றுதான் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் வீட்டில் பாட்டு ஓடவில்லையே, மேடம். அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். எனக்காகத்தான் திறந்தாள்.