பின்சுவரில் கட்டிய நாய்

நாயை வீட்டுக்குள் விட்டால் முடி கொட்டும். பாயில், தலையணையில், சாப்பிடும் தட்டில்கூடக் கிடக்கும். அதனால் நாய்க்கு இடம் வெளியேதான் என்பது என் கட்சி. என் தங்கையின் கட்சி வேறு. எங்களுக்குள் இருந்த சண்டை அது ஒன்றுதான், மற்றபடி நாங்கள் ஒற்றுமையாக இருந்தவர்கள். நீங்கள் எங்கிருந்தோ ஆரம்பித்து என்னென்னவோ கேட்கிறீர்கள். நான் நாயிலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் உங்களுக்குப் புரியும்.

அதன் பெயர் திருடன். வைத்தவள் அவள்தான். குட்டியாக இருந்தபோது பட்டறைக்கு வருகிறவர்களின் செருப்பில் ஒற்றையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடும். நான் ஜன்னலுக்கும் வாசலுக்கும் இரும்புக் கம்பி போட்டுக் கொடுக்கிறவன். தெருவில் கிரில்காரர் என்றால்தான் என்னைத் தெரியும். கிரில்காரர் வீட்டு நாய்க்குத் திருடன் என்று பெயர். அவள் வாசலில் நின்று "திருடா, திருடா" என்று கத்துவாள், நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவேன். தெருவே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் நெஞ்சு படபடப்பது அடங்க எனக்கு வெகு நேரம் பிடிக்கும்.

பயம்தான் எனக்குச் சோறு போட்டது. ஒரு வீட்டில் களவு போனால் முதல் நாள் போலீஸ்காரர்கள் நீங்கள் போவீர்கள், மறுநாள் நான் போவேன். வளைத்த கம்பியைப் பார்ப்பேன். தரையெல்லாம் கொட்டிக் கிடக்கும் துணிகளைத் தாண்டித் தாண்டி அளவு எடுப்பேன். சுவரோரம் உட்கார்ந்து கையைப் பிசைகிற பெண்களின் முகத்தையும் பார்ப்பேன். வெளியே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு இன்னொருவருக்குத் தெரியாது. எங்கள் அப்பாவும் அம்மாவும் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். அந்த பஸ் திரும்பி வரவில்லை. அவள் அப்போது சின்னப் பெண். தலை பின்னிவிட்டவன் நான், பள்ளிக்கூட வாசலில் காத்து நின்றவன் நான். அவள் வரக் கொஞ்சம் தாமதமானால் தெருமுனைவரை ஓடிப்போய்ப் பார்ப்பேன். அவள் வளர்ந்து ஆளான பிறகும் அது அப்படியேதான் இருந்தது.

படிப்பு முடிந்து ஒரு கண்ணாடிக் கடையில் சேர்ந்தாள். மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்த்துப் பொருத்துகிற வேலை. கைவேலை சுத்தம் என்று முதலாளியே சொல்வார். அது எங்கள் குடும்பத்துக் கை. பிறகு ஒருநாள் பட்டறைக்குள் வந்து, நான் வெல்டிங் முகமூடியைக் கழற்றும்வரை நின்றாள்.

"அண்ணா, வேற ஊர்ல பெரிய கடையில வேலை கிடைச்சிருக்கு. வீடும் பாத்துட்டேன். நாயை உள்ள விட்டுக்கலாம்னு வீட்டுக்காரம்மா சொல்லிட்டாங்க."

"இங்கயும் விட்டுக்கோ. இன்னைக்கே விடு. நான் ஒண்ணும் சொல்லல."

"நாய்க்காக மட்டும் போகலண்ணா."

"பின்ன?"

"மூச்சு முட்டுது."

பட்டறைப் புகை என்று நினைத்தேன். அந்த வாரமே காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்று வாங்கினேன். நல்ல கம்பெனி விசிறி. இப்போதும் பின்னறையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பின்னறை முன்பு இரும்பு போட்டு வைத்த இடம். காலி செய்து, ஓரத்தில் குளியலறை கட்டி, கட்டில் போட்டேன். சுவருக்கு என்ன நிறம் என்று அவளையே கேட்டேன். இளம்பச்சை என்றாள். "என்னண்ணா, கல்யாணமா? என்கிட்ட சொல்லவே இல்லை" என்று கேலி செய்தாள். பெயின்ட் டப்பாவைக் கலக்கிக் கொடுத்ததும் அவள்தான். கதவை நானே செய்தேன். உள்ளே கம்பி, வெளியே தகடு. அதில் ஒரு தவறு நடந்தது, தொழில் பழக்கத்தால் வந்த தவறு. இரும்புக் கதவைத் தரையோடு தரையாக மாட்டக் கூடாது. வீடு கழுவும் தண்ணீர் நின்று அடி துருப்பிடிக்கும். விரல் நுழைகிற அளவு தூக்கித்தான் மாட்டுவோம். அந்தக் கதவையும் அப்படியே தூக்கி மாட்டிவிட்டேன். யாருக்காகச் செய்கிறோம் என்பதைவிடக் கை எப்படிப் பழகியிருக்கிறது என்பதுதான் வேலையில் முன்னால் வருகிறது.

அவள் கிளம்புகிற அன்று காலையில் பெட்டியைக் காணோம் என்று தேடினாள். பின்னறையில் இருக்கிறது, போய் எடுத்துக்கொள் என்றேன். உள்ளே போனாள். நான் தாழ்ப்பாளைப் போட்டேன். நான் செய்தது அவ்வளவுதான். அவளுக்கு அது புரியவே நேரமாயிற்று. "அண்ணா, கதவு மாட்டிக்கிச்சு, கொஞ்சம் தள்ளேன்" என்றாள். அந்தக் குரலில் பயம் இல்லை. அண்ணன் வெளியே இருக்கிறான் என்கிற தைரியம்தான் இருந்தது.

புதுக் கடைக்கு அவள் போனிலிருந்து, வரமுடியவில்லை, மன்னிக்கவும் என்று நானே எழுதினேன். தெருவில், ஊருக்குப் போய்விட்டாள் என்றேன். நல்ல அண்ணன், தங்கையை அனுப்பிவிட்டு ஒண்டியாகக் கிடக்கிறானே என்று எல்லாரும் இரக்கப்பட்டார்கள். எதிர்வீட்டுத் தையல்காரம்மா சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார். அதில் பாதியை அவளுக்குத்தான் வைத்தேன்.

அவள் சத்தம் போடத்தான் செய்தாள். பட்டறையில் இரும்பு அறுக்கிற மெஷின் ஓடும்போது தொந்தரவு இல்லை. விடுமுறை நாளில்தான் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. யாராவது வந்துவிட்டால் கதவைத் திறந்துவிடுவார்கள், இவள் நேரே அப்பா அம்மா ஏறிப்போன அந்த பஸ்ஸில் போய் ஏறுவாள் என்று வாசல் தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன். அப்படிப்பட்ட ஒரு நாளில் திருடனைக் கழுத்துப் பட்டையோடு பிடித்துக் கதவுக்கு முன்னால் கொண்டுவந்தேன். நான் குரலை உயர்த்தவில்லை. "நீ சத்தம் போட்டா இது இருக்காது" என்றேன். அவள் நம்பவில்லை. திருடனின் முன்னங்கால் ஒன்று நொண்டும், பார்த்திருப்பீர்கள். அது அன்று ஆனது. அதற்குப் பிறகு அவள் நம்பினாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சத்தமே இல்லை.

முதலில் நாயை உள்ளேயே விட்டுப் பார்த்தேன். நீங்கள் நினைக்கிற மாதிரி கல்நெஞ்சக்காரன் இல்லை நான். ஆனால் அது அந்தக் கதவைவிட்டு நகராது. கீழே இருந்த இடைவெளியில் மூக்கை வைத்துப் படுத்துக்கொள்ளும். அவள் விரலை வெளியே விடுவாள், அது நக்கும். இரண்டும் மணிக்கணக்கில் அப்படியே கிடக்கும். அளவு சொல்ல வருகிறவர்கள் கண்ணில் பட்டால் என்ன ஆவது? அதனால் வெளியே கொண்டுபோய்ப் பின்சுவரில் ஒரு வளையம் அடித்துக் கட்டினேன். அவள் சாப்பிடாமல் கிடந்தாள். நாய் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்தால்தான் சாப்பிடுவேன் என்றாள். அதுவும் நியாயம்தானே. உள்ளேயிருந்து சுவரைத் தட்டுவாள், வெளியேயிருந்து அது ஒரு தடவை குரைக்கும். பிறகு தட்டை இழுத்துக்கொள்வாள். இப்படி ஓர் ஒழுங்குக்கு வந்தோம்.

அந்தப் பக்கம் கூரை கிடையாது. வெயில் நேரே விழும். நிழலில் கட்டினால் தட்டுவது அதற்குக் கேட்காது. கூரை போடலாம் என்றால் ஆள் வைத்துச் செய்ய வேண்டும், ஏணி போட்டு ஏறினால் அவள் அறையின் காற்றுத் துவாரம் ஆள் கண்ணுக்கு நேரே வரும். இதையெல்லாம் நான் யோசிக்காமல் இல்லை.

வெயில் முடிந்து மழை வந்தது. அப்போதுதான் தெருவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் கிரில்காரரே, நாயை உள்ள விட்டா என்ன? கால் வேற சரியில்ல. விடிய விடிய நனையுதே" என்றார் தையல்காரம்மா.

"வெளியில பழகினது அக்கா. உள்ள விட்டா பிடிக்காது அதுக்கு."

"தங்கச்சிய நினைச்சு ஏங்குது, பாவம். எப்பப் பாரு அந்தச் சுவரையே பாத்துக்கிட்டு. வாயில்லா ஜீவன்யா. அவ இருந்தா விடுவாளா இப்படி?"

இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஊருக்குப் போன பெண் ஒரு தடவைகூட ஏன் வரவில்லை என்று அந்தத் தெருவில் ஒருவரும் அழுத்திக் கேட்கவில்லை. ஏதோ போனில் பேசுவாளாம் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். நாய் நனைகிறது என்றுதான் புகார் போனது.

மிருகங்களைப் பார்த்துக்கொள்கிற அமைப்பிலிருந்து ஒரு பெண் வந்தார். என் தங்கை வயதுதான் இருக்கும். மழைக்கோட்டோடு சேற்றில் உட்கார்ந்து திருடனின் காலைப் பிடித்துப் பார்த்தார். தண்ணீர்ச் சட்டியை மோந்து பார்த்தார். பேச்சு மரியாதையாகத்தான் இருந்தது.

"சார், இதுக்கு மேல வெளியில வெச்சா நாங்க கூட்டிட்டுப் போயிடுவோம். உள்ள வெச்சுக்கறதுன்னா எங்க படுக்கும்னு காட்டுங்க. பாத்துட்டுப் போயிடறேன்."

கூட்டிக்கொண்டு போனால் குரைப்பு நிற்கும். குரைப்பு நின்றால் அவள் தட்டைத் தொடமாட்டாள், சத்தத்தையும் அடக்கிவைக்க மாட்டாள். உள்ளே விட்டால் அது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். முன்னறையில் மேஜைக் காலில் கட்டிவிடலாம், ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விடுவார் என்று கணக்குப் போட்டேன். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே நடந்தேன். ஒரு கால் சரியில்லாத நாய்க்கு அவ்வளவு வலு எங்கிருந்து வந்ததோ தெரியாது. வாசற்படியைத் தாண்டியதும் என் கையை உரித்துக்கொண்டு ஓடியது.

"பாருங்க சார், அதுக்கே இடம் தெரியுது" என்று சிரித்துக்கொண்டே அவர் பின்னால் போனார். நானும் போனேன். திருடன் கதவடியில் மூக்கை வைத்துப் படுத்து வாலை ஆட்டியது. அவர் குனிந்து அதன் முதுகைத் தடவிக்கொடுத்தார். அப்போது கதவுக்குக் கீழேயிருந்து விரல்கள் வந்தன. மெதுவாக வந்து நாயின் மூக்கைத் தொட்டன. சத்தம் ஒன்றும் இல்லை. அவள் வாக்கைக் காப்பாற்றினாள்.

அந்தப் பெண் கத்தவில்லை. முதுகைத் தடவும் கை மட்டும் ஒரு கணம் நின்றது, பிறகு மறுபடியும் தடவியது.

"நல்ல இடம் சார். மழை படாது. வண்டியில ஒரு பாய் இருக்கு, எடுத்துட்டு வந்து போட்டுடறேன்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். காதில் தொங்கட்டான் ஆடிக்கொண்டே இருந்தது, தலை ஆடவில்லை. பயந்த முகங்களைப் பார்த்தே காலம் தள்ளியவன் நான். எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும், எனக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தது.

சொல்வதை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். வாசல் கதவுச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அந்த அறையில் இன்னொரு ஆளுக்கும் இடம் இருக்கிறது, இவளுக்கும் பேச்சுத்துணையாக இருக்கும் என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே அவருக்கு முன்னால் வாசலுக்குப் போய்க் கதவில் கையையும் வைத்தேன். ஆனால் வெளியே தையல்காரம்மா ஒரு பழைய போர்வையோடு நின்றுகொண்டிருந்தார். "உள்ள விட்டுட்டீங்களா? நல்லா இருப்பீங்க" என்று என்னை வாழ்த்தினார். அந்த வாழ்த்து முடிவதற்குள் அந்தப் பெண் என்னைத் தாண்டி மழையில் இறங்கிவிட்டார்.

நான் ஓடவில்லை. ஓடினால் அவளைத் தனியாக விட்டுப் போக வேண்டும். நீங்கள் வரும்வரை கதவுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் நாயும் படுத்திருந்தது. தாழ்ப்பாள் போட்டவன் நான். நாயின் காலை ஒடித்தவன் நான். இனி நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியதில்லை. எங்கே வேண்டுமோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஓர் இடத்தில்தான் எனக்கு மாற்றுக் கருத்து. கதவை நீங்கள்தான் திறந்தீர்கள். அவள் ஓடி வரவில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றாள். உங்களையோ உங்கள் ஆட்களையோ பார்க்கவில்லை, உங்கள் தோளுக்குப் பின்னால் நின்ற என்னைத்தான் பார்த்தாள்.

"அண்ணா, நான் சத்தமே போடல. விரலைத்தான் நீட்டினேன். அதை ஒண்ணும் பண்ணிடாதே" என்றாள்.

பயத்தில் நடுங்கினாள் என்று நீங்கள் எழுதியிருப்பதை எட்டிப் பார்த்தேன். அந்த வரியை மட்டும் மாற்றிவிடுங்கள். அத்தனை பேர் துப்பாக்கியோடு நிற்கும்போதும் அண்ணன் சொல்லைத் தட்டாத பெண் அவள். அவளை அப்படி வளர்த்தவன் நான்.