கட்டத்தை மட்டும் மாற்றவும்

– மறுபடியுமா டில்லிணா?

– ஆங்.

– பூபாலன் அண்ணனுக்கு இந்த வருஷம் இது எத்தினியாவது போஸ்டரு?

– நாலாவது. ஃபைலத் திற அனுசுயா.

– முன்னாலயே வச்சிருக்கேன். பட்டா மனு, வருமானச் சான்று, காணவில்லை. என் கம்ப்யூட்டர்ல இந்த மூணுதான் ஓடுது. உங்களுத டெம்ப்ளேட்டாவே போட்டுட்டேன். 'காணவில்லை'ன்ற பெரிய எழுத்து, 'தகவல் தருவோர்க்கு நன்றி' எல்லாம் அப்படியே நிக்கும். கட்டத்துக்குள்ள இருக்கறத மட்டும் மாத்தினாப் போதும்.

– மொத தபா பண்ண மாதிரி பண்ணிடாத.

– அது அவசரத்துல காதுகுத்துப் பத்திரிகை மேலயே அடிச்சதுணா. 'தங்கள் நல்வரவை விரும்பும் உற்றார் உறவினர்'ன்ற வரிய அழிக்க மறந்துட்டேன்.

– தம்பியக் காணோம்னு ஒட்டினா, பொதட்டூர்பேட்டையிலருந்து ஒரு குடும்பமே வந்து பந்தி எங்கன்னு கேக்குது. உள்ள அம்மா அழுதுகினு கீது. நான் வந்தவங்களுக்கு டீ வாங்க ஓடறேன்.

– சரி விடுங்க. இந்த தபா என்னாத்துக்காம்?

– போன தபா கொழம்புல உப்பு இல்லன்னு போனான். அதுக்கு முந்தி உப்பு இருக்குதுன்னு போனான்.

– தேடாம விட்டுட்டா தானா வந்துருவாருணா.

– அம்மா எங்க விடுது? அவன் வர வரிக்கும் பச்சத் தண்ணி குடிக்காது. அரக்கோணம் பிளாட்பாரம் பூரா பார்த்து, மணவூர்ல எறங்கிப் பார்த்து, செவுரு செவுரா ஒட்டிகினு வந்தா, அவன் எங்க இருப்பான்? நம்ம ஊரு கோயில் மலை மேலயே, அன்னதான வரிசையில, மொட்டை போட்டுகினு.

– போஸ்டர்ல சுருட்டை முடி.

– சரி, மொட்டைன்னே போடுவோம்னு போட்டோம். ஒரே நாள்ல முந்நூறு போனு. 'தலையில சந்தனம் பூசிகினு ஒருத்தர் நிக்கிறாருங்க'ன்றாங்க. இந்த ஊர்ல யாரு பூசாம நிக்கிறான்?

– வேலைக்கு லீவு சொல்லிட்டீங்களா?

– இன்னொரு லீவு கேட்டா அப்படியே போயிடுன்னுட்டாரு மொதலாளி. இருவது வருஷம் ஒரே கடை.

– வீட்ல சொன்னீங்களா?

– எங்க சொல்றது? அவன் திரும்பி வந்தா அம்மா ஆரத்தி சுத்துது. பின்னால நான் பசை வாளியோட நின்னா, 'வழிய விட்றா, புள்ள உள்ள வரட்டும்'ன்னுது.

– ம்… தேதி மாத்திட்டேன். பேரு அதேதான், தொடல. வயசு முப்பத்தெட்டு, இருக்கட்டுமா?

– நாப்பத்தி மூணு.

– மூணு மாசத்துல அஞ்சு வயசு ஏறிட்டாரா?

– ஏறிடுச்சி.

– சட்டை?

– பச்சக் கோடு.

– உங்களுது மாதிரியே. தீவாளிக்கு ஒரே துணியில எடுத்தீங்களா? தலை மொட்டைதானே?

– இன்னும் போடல.

– தொடர்புக்கு உங்க நம்பரு. அது நிக்கட்டும்.

– அத மாத்து. பூபாலன் நம்பரப் போடு.

– என்னாணா இது? காணாமப் போனவருக்கே போன் பண்ணச் சொல்றீங்க?

– அவன் நேத்து மத்தியானமே வந்துட்டான். சாப்ட்டுட்டு இன்னும் தூங்கறான்.

– அப்ப இத யாரு ஊரு ஊரா ஒட்டுவாங்க?

– அவன்தான். பசை வாளிய அவன் தலைமாட்டுலயே வச்சிட்டு வந்திருக்கேன்.

– டில்லிணா… அந்தப் பைய எதுக்கு எடுத்துகினு வந்தீங்க?

– பேரையும் மாத்திடு. கடைசியாப் பார்த்த எடம்னு ஒரு கட்டம் இருக்கே அனுசுயா, அதுல உன் கடையப் போட்டுடு.