அளவு நோட்டு

— மெதுவா, மெதுவா. அந்தக் கடைசிப் படி மட்டும் உயரம் ஐயா. கையைப் பிடிச்சுக்கட்டுமா?

— வேணாம் டைலரம்மா. பதினேழு படி தனியா ஏறிட்டேன், பதினெட்டாவதுக்கா ஆள் தேடுவேன்?

— ஆஸ்பத்திரிலேருந்து வந்து மூணு நாள்கூட ஆகல. ஒரு குரல் கொடுத்திருந்தா நானே கீழ வந்திருப்பேன்ல. அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க, ஆடும். மெஷின் பக்கத்துல இந்த நாற்காலி. இருங்க, துணியைத் தள்ளிடுறேன்.

— நன்றி சொல்றவன் எழுந்து வந்து சொல்லணும்மா. எதுவும் கணக்கா இருக்கணும். என் உயிரைப் பிடிச்சுக் கொடுத்தவ மேல் மாடில இருக்கா, நான் கீழ காலை நீட்டிப் படுத்துக்கிட்டு சொல்லி அனுப்பறதா?

— காப்பாத்தினது டாக்டருங்க. நான் என்ன பெருசா பண்ணிட்டேன்?

— அந்த டாக்டரே சொன்னாரே. "பெரியவரே, மூளைக்குப் போற ரத்தம் அடைச்சுக்கிச்சு. நாலரை மணி நேரத்துக்குள்ள ஒரு ஊசி போடணும். தனியா இருக்கறவங்க எத்தனை மணிக்கு விழுந்தாங்கன்னு யாருக்கும் தெரியறதில்ல, தெரியாம அந்த ஊசியைப் போட எங்களுக்கும் தைரியம் வராது. உங்களுக்கு மட்டும் நேரம் எழுதின நோட்டோட ஒரு அம்மா வந்தாங்க"ன்னார். அந்த நோட்டைப் பாக்கத்தான் வந்தேன்.

— ஐயய்ய, அது அளவு நோட்டு. அதுல பாக்க என்ன இருக்கு?

— காட்டும்மா.

— திட்டக் கூடாது, சொல்லிட்டேன். இந்தாங்க.

— கண்ணாடி எங்க... ம். "தோள் பதினாலரை. கை நீளம் இருபத்திரண்டு. இடுப்பு முப்பத்தி நாலு. பத்து மணி, புகை. ஒரு மணி, புகை. மூணேகால், புகை. ஆறு, புகை." அடேங்கப்பா. இது என் பட்டறை நேரம்ல?

— என்ன பட்டறை?

— லேத் பட்டறைம்மா. முப்பத்திரண்டு வருஷம். பத்து மணிக்கு டீ, ஒரு மணிக்குச் சாப்பாடு, மூணேகாலுக்குத் திரும்ப டீ, ஆறு மணிக்கு வீடு. மணி அடிச்சாத்தான் பத்த வைக்கலாம். ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு, கை இன்னும் அந்த நேரத்துக்குத்தான் தீப்பெட்டியைத் தேடுது.

— அதானே பாத்தேன்! ஒரு நிமிஷம் முன்னப்பின்ன ஆகாது. என் வீட்டுக் கடிகாரம் நின்னப்போ உங்க புகையைப் பாத்துத்தான் முள்ளைத் திருப்பி வச்சேன். அங்க எமர்ஜென்சில இருந்த சின்ன டாக்டர் நோட்டைப் படிச்சுட்டு, "இடுப்பு முப்பத்தி நாலு பேஷன்டுக்கா?"ன்னு கேட்டார். எனக்கு அழுகையும் வருது, சிரிப்பும் வருது.

— சிரிக்க வைக்காதேம்மா, என் வாய் இன்னும் ஒரு பக்கம் கோணலாத்தான் போகுது. சரி, என் புகையை எதுக்கும்மா எழுதி வச்சே?

— இருங்க, இந்தத் துணியை முதல்ல மடிச்சுடறேன்.

— துணிக்குள்ள தலையை விட்டுக்கிட்டா ஆச்சா?

— உங்களைக் காலி பண்ண வைக்கத்தான் ஐயா. போதுமா? ஹவுஸ் ஓனர் கிட்ட நாலு தடவை போய் நின்னேன். "சும்மா புகை புகைன்னா எப்படி, எத்தனை மணிக்கு வருதுன்னு ஒரு மாசம் எழுதிக் கொண்டா"ன்னார். எழுதினேன். கையில கிடைச்சது இந்த நோட்டுதான்.

— அதான் மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணுங்கன்னு லெட்டர் வந்துச்சா.

— நான்தான். நீங்க நன்றின்னு சொல்லச் சொல்ல, திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி முழிச்சுக்கிட்டு இருக்கேன்.

— இரு, இரு. கடைசிப் பக்கத்துல என்ன? "ஒரு மணி, புகை. மூணேகால், இல்ல." இல்லங்கறதுக்குப் பக்கத்துல பெரிசா ஒரு டிக் வேற போட்டிருக்கே.

— சந்தோஷத்துல போட்டேன். இனி மறைச்சு என்ன ஆகப்போகுது? இன்னிக்கு ஜன்னலைத் திறந்தே வைக்கலாம்னு நினைச்சேன். அப்புறம் மெஷினை மிதிக்கறேன், தையல் நேரா வரல. மூணு இருபது. மூணு இருபத்தஞ்சு. இந்த மனுஷன் மழை பெஞ்சாலும் தப்ப மாட்டாரே, என்ன ஆச்சுன்னு மனசு அடிச்சுக்குது. ஓனருக்கு போன் பண்ணி, "கீழேருந்து புகை வரல"ன்னேன்.

— அவர் என்ன சொன்னார்?

— "வந்தாலும் கம்ப்ளைன்ட், வரலேன்னாலும் கம்ப்ளைன்ட்டா? போனை வைம்மா"ன்னு சிரிச்சார். நான் வைக்கல. "மாத்துச் சாவியை எடுத்துக்கிட்டு இப்பவே வரீங்களா, இல்ல கதவை நான் உடைக்கட்டுமா?"ன்னு கேட்டேன். வந்தார். திறந்தா, நீங்க சமையலறை வாசல்ல...

— அது எனக்கு ஞாபகம் இல்ல. உன் இஞ்ச் டேப் ஞாபகம் இருக்கு. கழுத்துல தொங்கிக்கிட்டு என் மூஞ்சில ஆடிச்சு.

— அதைக் கழட்டக்கூடத் தோணல எனக்கு.

— காலி பண்ண வைக்க எழுதினதோ, கல்யாணம் பண்ணி வைக்க எழுதினதோ, இந்த எழுத்துலதான் நான் இன்னிக்குக் கை அசைச்சுப் பேசறேன். நான் உனக்குக் கடன்பட்டவன்மா. அதுல மாத்தம் இல்ல. ஆமா, மூலைல அது என்ன? மூக்கு வச்ச டப்பா மாதிரி.

— பாப்பாவோட மெஷின். மூச்சு இழுத்தா அதுலதான் மருந்தைப் புகையா கொடுக்கணும். பொறந்ததுலேருந்தே நெஞ்சு பலவீனம். பள்ளிக்கூடம் போயிருக்கா, ஆறு வயசு. உங்க பின் பால்கனிக்கு நேர் மேலதான் அவ கட்டில்.

— எனக்குத் தெரியாதே.

— உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னாத்தானே! பதினெட்டுப் படி இறங்கி வந்து, "ஐயா, குழந்தைக்கு ஆகல"ன்னு ஒரு வார்த்தை கேட்டேனா? ஜன்னலைப் படார்னு சாத்தத் தெரிஞ்சுது, ஓனர் கிட்டப் போகத் தெரிஞ்சுது. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

— பாப்பாவுக்கு இப்ப எப்படி?

— பதினஞ்சு நாளா அந்த மெஷினைத் தொடல. நல்லாத் தூங்கறா. அதுக்கு நானும் உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும், ஆனா நீங்க ஆஸ்பத்திரில கிடந்ததுக்கு நன்றி சொல்ல வாய் வரல.

— சொல்லிக்கோ, தப்பில்ல. நான் விட்டுட்டேன்மா. சத்தியமா. தீப்பெட்டி இனிமே அடுப்புக்கு மட்டும்தான். மாசக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு. அதுக்குள்ள வேற இடம்...

— எங்க போறீங்க? நேத்தே ஓனர் கிட்டச் சொல்லிட்டேன். எழுதிக் கொடுத்த அதே கையால வாபஸ்னு எழுதிக் கொடுத்தாச்சு. அவரும் அந்த லெட்டரோட காப்பியைக் கிழிச்சுட்டார். நீங்க எங்கயும் போகல.

— கிழிச்சுட்டாரா? நிஜமாவாம்மா?

— அழக் கூடாது. பிபி ஏறும்.

— அழல. கண்ணாடி உறுத்துது.

— ஆனா ஒண்ணு கேக்கணும் ஐயா. உங்களுக்கு முன்பக்கமும் ஒரு பால்கனி இருக்கே. அங்க நின்னு பிடிச்சிருந்தா புகை ரோட்டோட போயிருக்கும். ஏன் எப்பவும் பின்னாடியே?

— அது இருக்கட்டும். அப்புறம் சொல்றேன்.

— சரி. இப்ப எனக்கு வேற கவலை. புகையும் இல்லேன்னா, கீழ நீங்க நல்லா இருக்கீங்களான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?

— நல்ல கேள்வி கேட்டே. இந்த ஊன்றுகோல் எதுக்கு இருக்கு? பின் பால்கனில தண்ணிக் குழாய் மேல வரைக்கும் போகுதுல்ல, பட்டறை நேரத்துக்குக் கணக்கா ரெண்டு தட்டு தட்டறேன்.

— பத்து, ஒண்ணு, மூணேகால், ஆறு. தட்டலேன்னா மறு நிமிஷம் சாவியோட இறங்கிடுவேன். ஒரு சாவி என் கிட்டயே கொடுத்துடுங்க.

— தர்றேன். நீயும் எனக்கு ஒண்ணு பண்ணணும். நான் தட்டினதும் ஜன்னலைப் பழையபடி படார்னு சாத்து.

— புகையே இல்லேங்கறேன், எதுக்குச் சாத்தணும்?

— ஏன் முன் பால்கனிக்குப் போகலன்னு கேட்டேல்லம்மா. அங்க நின்னா ரோடு பாட்டுக்குப் போகும், யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. பின்னாடி நின்னு பத்த வச்சா, மேல ஜன்னல் படார்னு சாத்தும், "ஆரம்பிச்சுட்டார் மனுஷன்"னு உன் குரல் கேக்கும். என் வீட்டுக்காரி போனப்புறம் ஒரு நாள் பூரா என்னைப் பத்திப் பேசின ஒரே குரல் அதுதான். பாதி நாள் எனக்குப் பிடிக்கணும்னே தோணாது, நீ திட்டறதைக் கேக்கத்தான் பத்த வச்சேன்.