பிள்ளை வாசனை சிகரெட்

அந்தச் சட்டைதான்க்கா! வேற எதுவும் செத்துப் போகல. எங்கேயோ எலி செத்துக் கிடக்குதுன்னு நீங்க மூக்கைப் பொத்திக்கிட்டு வேலி ஓரமா தேடுறதைப் பார்த்துட்டுத்தான் வெளியே வந்தேன். எலி இல்ல, எங்க வீட்டுக்காரர் சட்டை. கொடியில தொங்குது பாருங்க, நீலக் கட்டம் போட்டது. தொவைக்கக் கூடாதாம்! தண்ணியே காட்டக் கூடாதாம்! மழை வந்தா பிள்ளையை எடுக்கிறதுக்கு முன்னாடி அதை எடுக்கணுமாம். இது நியாயமா, நீங்களே சொல்லுங்க.

உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீங்க. குடி வந்து ரெண்டு நாள் ஆகல, அதுக்குள்ள இவ ஆரம்பிச்சுட்டாளேன்னு நினைக்காதீங்க. நான் யார்கிட்டயும் பேச மாட்டேன்க்கா. இந்தக் காஜா பெராங் தெருவுல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, அந்தப் பொண்ணுக்கு வாய் இருக்கான்னு அவங்க உங்களைக் கேப்பாங்க. மூணாம் வகுப்போட நின்னவ. பாசார்ல மீன்காரன்கிட்ட விலை கேக்கவே கூச்சமா இருக்கும். மீனையே பார்த்துக்கிட்டு நிப்பேன், அவனா சொல்லட்டும்னு. ம்... உக்காருங்க. அங்க வேணாம், பாய் ஈரம். இவதான் எங்க பொண்ணு கோகிலா. கடிப்பா, விரலைக் குடுக்காதீங்க.

அவரு டவுன்ல ஒரு சீன முதலாளி, தவுக்கேயோட சிகரெட் பட்டறையில... ஆங்? உங்க வீட்டுக்காரரும் அங்கேயா? டின்ல அடுக்குற இடத்துலயா? அட, புதுசா தியாகுன்னு ஒருத்தர் சேர்ந்திருக்கார்னு சொன்னாரே, அவரா! அப்ப நம்ம ஆளுங்கதான். நல்லதாப் போச்சு. உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு.

அவருக்கு அங்க சாறு ஊத்துற வேலை. நானும் உங்களை மாதிரிதான் நினைச்சிருந்தேன், புகையிலையை நறுக்கித் தாள்ல சுத்திக் குடுத்துடுறாங்கன்னு. அதான் இல்ல! நறுக்குறதுக்கு முன்னாடி அதுக்கு ஒரு சாறு தெளிக்கணும். காஞ்சு நொறுங்கக் கூடாதுன்னு கிளிசரின். வாசனைக்குக் கொக்கோ. தொண்டையில குத்தாம இருக்கத் தேனு, அதிமதுரம்... அதிமதுரம்க்கா! கோகிலா இருமினா நான் இழைச்சு நாக்குல தடவுறேனே, அதே அதிமதுரம்! இருமல் வர வைக்கிற சாமானை இவங்களே பண்ணி, இருமலுக்கு மருந்தையும் அதுக்குள்ளயே ஊத்தி, டின்ல போட்டு விக்கிறாங்க. இதுக்கு ஒரு தவுக்கே, ஆளுங்களை மேய்க்க ஒரு மண்டோர், எங்க வீட்டுக்காரருக்குச் சம்பளம். எனக்கு ஒண்ணும் புரியல. நான் படிக்கல.

மெர்டேக்கா வருதுல்ல, நாட்டுக்குச் சுதந்திரம், அதுக்குத் தவுக்கே புதுசா ஒரு சிகரெட் போடணும்னாரு. டின்ல புதுக் கொடி. அதுக்குன்னு சீமையிலருந்து ஒரு போத்தல் சாறு வந்துச்சு. பட்டறையில தகரக் கூரை, சூட்டுல கெட்டுடும்னு எங்க வீட்டுக்குக் கொண்டாந்து, தண்ணிப் பானைக்குப் பக்கத்துல ஈர மணல்ல பொதைச்சு வச்சாரு. சாமி மாதிரி வச்சாரு! என்ன இருக்குன்னு கேட்டதுக்கு, எல்லாம் நம்ம கோகிலாவுக்குக் குடுக்கிறதுதான்னு பெருமையாச் சொன்னாரு. சொல்லலாமா? கோகிலாவுக்குக் குடுக்கிறதுதான்னு என்கிட்ட வந்து சொல்லலாமா?

அந்த வாரம் இவளுக்கு இருமல். அதிமதுரம் தீர்ந்து போச்சு. கடைக்காரன்கிட்டப் போய்க் கேக்கணும்... எனக்குக் கூச்சம். அதான் ஒரு சொட்டு எடுத்துத் தடவினேன். ஐயோ, எப்படிச் சப்பினா தெரியுமா! அப்படியே தூங்கிட்டா. நானும் லேசா விரலால தொட்டுப் பார்த்தேன். பாகு மாதிரி இருந்துச்சுக்கா. தோசைக்கு ஊத்திக்கிட்டேன். மறுநாள் அவருக்கும் ஊத்தினேன், என்னடி இன்னைக்குத் தோசை தூக்குதேன்னாரு. பாதிப் போத்தல் போன பிறகுதான் சொல்றாரு, அதுல ரம்மும் இருக்காம்! பிள்ளை ஏன் தூங்கினான்னு அப்பத்தான் தெரிஞ்சுது. அதோட விட்டேனா, அதான் இல்ல. பயந்துபோய் மிச்சத்தைக் கீழே கொட்டிட்டேன்.

கொட்டின பிறகுதான் நினைப்பு வருது, விடிஞ்சா அவர் போத்தலை எடுத்துட்டுப் போகணும்! என்ன பண்ணுவேன்? கையில என்ன இருக்கோ அதைத்தானே பண்ண முடியும்? குலா மலாக்கா வெல்லம் ஒரு கட்டி உடைச்சுப் பாகு காய்ச்சினேன். ஓமத் தண்ணி ஊத்தினேன். சுக்கு. அப்புறம் வசம்பு... விளக்கு வச்ச பிறகு அது பேரைச் சொல்லக் கூடாதுன்னு எங்க அம்மா திட்டும், இப்பப் பகல்தானே. அந்த வசம்பு இருக்கே, விஷயமே அதுலதான். அதை முதல்ல... ஏய்! ஏய் கோகிலா! துப்பு! துப்புடி! பாருங்க, அக்கா செருப்பைக் கடிக்கிறா.

எங்க விட்டேன்? ஆங், போத்தல். ஊத்தி மூடி, மணல்ல வச்சுட்டேன். அவரும் எடுத்துட்டுப் போய்த் தெளிச்சு, சிகரெட்டும் பண்ணிட்டாங்க. வேலை போச்சுன்னு நான் அடுப்பு மூட்டாம உக்காந்திருக்கேன். பார்த்தா, கோழியோட வர்றாரு! தவுக்கே குடுத்தாராம். ஒருத்தனும் ஒண்ணோட நிறுத்தலயாம்! இழுத்துட்டு ஏப்பம் விடுறாங்களாம், பால் குடிச்ச பிள்ளை மாதிரி. செட்டி கம்போங்லருந்து ஒரு பெரியவர், நம்ம வம்சம்தான், ஆனா அவருக்குத் தமிழ் வராது, மலாயில சிரிச்சுச் சிரிச்சுச் சொல்றாராம், பிள்ளை வாசனை அடிக்குதுன்னு. அப்போ ஒரு நாள் டவுன் பஸ்ஸுல கண்டக்டர் அந்தச் சிகரெட்டைப் பத்த வச்சாரு. பஸ்ஸுல இருந்த அத்தனை பிள்ளைங்களும் அவர்கிட்டத் தாவுது! இவளும்! சீனப் பிள்ளை ஒண்ணு அவர் காலைக் கட்டிக்கிட்டு இறங்கவே மாட்டேங்குது. அந்த மனுசன் டிக்கெட் கிழிப்பாரா, தாலாட்டுவாரா?

தவுக்கேக்குத் தலைகால் புரியல. மெர்டேக்காவுக்குள்ள ஆயிரம் டின் வேணும்னுட்டாரு. சீமையிலருந்து அடுத்த போத்தலும் வந்துச்சு. அதுல பாதியைத் தெளிச்சாங்க, மிச்சம் மறுபடியும் நம்ம மணல்லதான் இருக்கு. ஒருத்தனும் தொடல! இது அது இல்லன்னுட்டாங்க. இப்பத் தவுக்கே சொல்லிட்டாரு, சனிக்கிழமைக்குள்ள யார் அந்தப் பழைய வாசனையைக் கொண்டு வர்றானோ அவனுக்குத்தான் சாறு வேலை, அது யாரா இருந்தாலும் சரின்னு. இல்லன்னா எங்க வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டக் கித்தாத் தோட்டத்துக்கே திரும்பிப் போக வேண்டியதுதான்.

பாவம் அவரு, எங்க தப்பு நடந்துச்சுன்னு மண்டையை உடைச்சுக்கிறாரு. முதல் போத்தல் தெளிச்ச அன்னைக்கு இந்தச் சட்டை போட்டிருந்தாராம், அதனால தொவைக்கக் கூடாது. அன்னைக்குக் கருவாட்டுச் சம்பல் சாப்பிட்டாராம், அதனால தினம் கருவாடு. அன்னைக்குக் கிளம்பும்போது கோகிலா அவர் மேல ஒண்ணுக்குப் போயிட்டா. அதனால இப்பத் தினம் காலையில இவளைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிக்கிறாரு. ‘போடா கண்ணு, அப்பா மேல போடா’ன்னு கெஞ்சுறாரு. இவ போவாளா? அவர் கீழே விட்டதும் பாய்ல போறா. அதான் ஈரம்னு சொன்னேன்.

சொல்லிடலாம்தான். வாய் வரைக்கும் வருது. ஆனா எங்க ஆரம்பிக்கிறது? பிள்ளைக்கு ரம் குடுத்தேன்னு ஆரம்பிக்கிறதா, தோசைக்கு ஊத்தினேன்னு ஆரம்பிக்கிறதா? உங்ககிட்டச் சொன்னதே பெருசு. இன்னைக்கு எனக்கு என்னமோ... ஏன்க்கா, எந்திரிச்சுட்டீங்க? காப்பி கலக்கலயே இன்னும். அடுப்புல ஏதாவது வச்சிருக்கீங்களா? செருப்பு, செருப்பு! ஒத்தைச் செருப்போட போறாங்க பாரு.

நல்ல மனுசி, கோகிலா. ஒரு வார்த்தை குறுக்கே பேசல.

அழாதடி, பொழுது சாஞ்சு போச்சு. இரு, விளக்கைப் பொருத்திடுறேன்... ம், ஆச்சு. உங்கப்பா வர்ற நேரம்... இது என்ன சத்தம்? அடுத்த வீட்டுல யாரு இந்த நேரத்துல உரல்ல இடிக்கிறா? உனக்கும் மணக்குதா? குலா மலாக்கா காயுது. ஓமம். சுக்கு... இது... ஐயோ கோகிலா! உங்கம்மா என்னடி பண்ணிட்டேன்! வாயே திறக்காதவ, திறந்து யார்கிட்டக் கொட்டினேன்! தியாகு பொண்டாட்டிக்கு என் கையாலேயே எடுத்துக் குடுத்துட்டேனே! உங்கப்பா வேலை போச்சு, போச்சு, சட்டையும் போச்சு, கருவாடும்...

இரு. இரு, இரு. அழாத, மோந்து பாரு. பச்சை வாசனையால்ல வருது? சுடாமலே போட்டு இடிக்கிறாங்க! வெளக்கெண்ணெய்ல முக்கி, வெளக்குத் திரியில காட்டி, கரியாகச் சுட்டுட்டுத்தானே இழைக்கணும்? பச்சையா உள்ள போனா குமட்டுமே. தவுக்கே முதல் இழுப்புக்கே கொல்லைப் பக்கம் ஓடுவாரே!

சொல்லணும்தான். வேலி இங்கதான் இருக்கு. அக்கா, அதைச் சுட்டுட்டு இடிங்கன்னு ஒரு குரல் குடுத்தாப் போதும்.

ஆனா விளக்கு வச்சாச்சு, பாரு. இனிமே அது பேரைச் சொல்லக் கூடாது.

அதுவும் இல்லாம, நான்தான் யார்கிட்டயும் பேச மாட்டேனே. வா, மணல்ல இருக்கிற சீமைப் போத்தலைக் காலி பண்ணுவோம், தோசைக்கு ஆகும், அதுல நம்ம பாகை ஊத்தி வைப்போம். நம்மகிட்ட அது ரெண்டு துண்டு இருக்கு, கரியாச் சுட்டு வைப்போம். எல்லாத்துக்கும் முன்னாடி, அந்தச் சட்டையை வாளியில முக்குறேன்.